‘மொத்த லைனையும் மாத்திடலாம் சார்!’ - பிளம்பர் எஸ்டிமேட்டுக்கு ஓகே சொல்லும் முன் என்ன பார்க்க வேண்டும்?

“ரிப்பேர் பண்ணா நிக்காது சார். மொத்த லைனையும் மாத்திடலாம். பதினெட்டாயிரம் ஆகும்.” பைப் ஒழுகுகிறது என்று பிளம்பரை அழைத்தால், பல நேரங்களில் பத்தே நிமிடத்தில் இந்தப் பதில் வந்துவிடுகிறது. சரி என்று சொன்னால் அந்த மாத பட்ஜெட்டில் துண்டு விழும். வேண்டாம் என்றால் சுவர் ஊறிக்கொண்டே இருக்கும்.

ஊட்டி, பெர்ன்ஹில் பக்கம் இந்த முடிவு இன்னும் கொஞ்சம் சிக்கல். மைசூரு மன்னர்களின் கோடைக்கால அரண்மனை இருக்கும் இந்தப் பகுதியில் பழைய வீடுகளும் உண்டு, சரிவை வெட்டிக் கட்டிய புது வீடுகளும் உண்டு. பழைய வீடு என்றால் சுவருக்குள் இரும்பு பைப் ஓடலாம். சரிவு வீடு என்றால் சுவர் ஈரத்துக்குக் காரணம் பைப்பாகவே இல்லாமலும் போகலாம்.

முதலில், ஒழுகுவது பைப்தானா?

எஸ்டிமேட்டைப் பற்றி யோசிக்கும் முன் தீர்க்க வேண்டிய கேள்வி இது. மலைச்சரிவில் பின்சுவர் மண்ணோடு ஒட்டியிருக்கும் வீடுகளில், மழைக்காலத்தில் மண்ணில் ஊறும் நீர் சுவர் வழியாக உள்ளே கசியும். பார்த்தால் பைப் லீக் மாதிரியே இருக்கும். பைப்பை மாற்றினாலும் அந்த ஈரம் போகாது. பதினெட்டாயிரம் போனதுதான் மிச்சம்.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: இரவு படுக்கும் முன் எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். டேங்குக்குத் தண்ணீர் ஏறும் வால்வையும் மூடிவிட்டு, டேங்க் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் யாரும் தண்ணீர் எடுக்கும் முன் மறுபடி பாருங்கள். மட்டம் இறங்கவில்லை என்றால் டேங்கிலிருந்து வரும் லைன் மீது பழி போட முடியாது. இறங்கியிருந்தால், முதலில் ஃப்ளஷ் டேங்க் கசிகிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் சந்தேகம் பைப் மீதுதான்.

வழக்கமான 1,000 லிட்டர் உருளை டேங்கில் 1 செ.மீ. இறங்கினால் சுமார் 10 லிட்டர் போயிருக்கிறது என்று பொருள். கசிவு வெளியே தெரிகிறதா? ஒரு லிட்டர் பாட்டிலை அடியில் வையுங்கள். 10 நிமிடத்தில் நிறைந்தால் ஒரு நாளைக்கு 144 லிட்டர் வீண்.

வால்வை மூடிவிட்டுச் சுவர் காய்கிறதா என்று காத்திருப்பது ஊட்டிக் குளிரில் சரிவராது. காயவே பல நாள் ஆகும். டேங்க் மட்டத்தை நம்புவது மேல்.

ரிப்பேர் போதுமா? மாற்றித்தான் ஆக வேண்டுமா?

ஜாயின்ட், வால்வு, குழாயின் அடிப்பகுதி என்று ஒரே இடத்தில் மட்டும் ஒழுகுகிறது, பைப்பும் பிளாஸ்டிக், அதிக வயதும் இல்லை என்றால் அந்த இடத்தை மட்டும் வெட்டிச் சரிசெய்தால் போதும்.

பழைய ஜிஐ பைப் கதை வேறு. இரும்புக்கு மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சு தேய்ந்ததும் துரு பிடிக்கத் தொடங்கும். துரு உள்பக்கம் படிந்து பாதையைக் குறுக்கும், பைப்பின் சுவரையும் மெலிதாக்கும். இந்த அறிகுறிகளைக் கவனியுங்கள்:

- காலையில் திறந்ததும் முதலில் வரும் தண்ணீர் பழுப்பாக இருக்கிறது.
- டேங்க் நிறைய இருந்தும் குழாயில் வேகம் குறைந்துவிட்டது.
- ஒரு இடத்தை அடைத்தால் சில மாதங்களில் வேறு இடத்தில் ஒழுகுகிறது.

இதில் இரண்டு இருந்தால், “மொத்தமா மாத்திடலாம்” என்று பிளம்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெட்டி எடுத்த துண்டை அவரிடம் கேட்டு வாங்கி உள்பக்கம் பாருங்கள். பைப்பின் நிலை அதிலேயே தெரிந்துவிடும்.

எஸ்டிமேட்டை எப்படிப் படிப்பது?

‘மொத்தம் ரூ.18,000’ என்ற ஒற்றை வரி எஸ்டிமேட் அல்ல. குறைந்தது இவை தனித்தனியாக இருக்க வேண்டும்:

நீளம்: டேப் வைத்து நீங்களே அளக்கலாம். லைன் 42 அடி என்றால், 3 மீட்டர் (சுமார் 10 அடி) நீள பைப் 5 போதும். எஸ்டிமேட்டில் 8 இருந்தால் ஏன் என்று கேளுங்கள். நியாயமான காரணம் இருக்கலாம். கேட்பதில் தப்பில்லை.

எந்த பைப்: கீசர் லைனுக்கு சிபிவிசி வேண்டும். யுபிவிசி குளிர்ந்த நீருக்கு மட்டும்தான். சிபிவிசி பைப்பில் ஐஎஸ் 15778 என்ற தர எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். எஸ்டிஆர் 11 என்பது எஸ்டிஆர் 13.5-ஐ விடத் தடிமனானது. எஸ்டிமேட்டில் ஒன்று, வேலையில் இன்னொன்று வந்துவிடக் கூடாது. வெயில் படும் இடத்தில் சிபிவிசி போட்டால் மேலே பெயின்ட் அடிக்க வேண்டும். ஜிஐ-யே போடுவதாக இருந்தால் நீலப் பட்டை நடுத்தர ரகம், சிவப்புப் பட்டை கனமான ரகம்.

அளவு: அரை இஞ்சா, முக்கால் இஞ்சா? இரண்டுக்கும் விலை வேறு.

கூலியும் கொத்து வேலையும்: சுவரை உடைப்பது, பூசுவது, டைல்ஸ் ஒட்டுவது, இடிபாட்டை அள்ளுவது இதில் சேர்த்தியா? பெரும்பாலும் தகராறு வருவது இங்கேதான்.

ஜிஎஸ்டி: சேர்த்திருந்தால் பதிவு எண்ணுடன் பில் கேளுங்கள். ஆண்டு வருவாய் 20 லட்சத்துக்குள் இருக்கும் சேவையாளருக்குப் பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை.

இந்தப் பட்டியலை அப்படியே இன்னொரு பிளம்பரிடம் காட்டி விலை கேளுங்கள். ஒருவர் சிபிவிசி-க்கும் இன்னொருவர் யுபிவிசி-க்கும் சொன்ன விலையை ஒப்பிட்டால் அர்த்தமில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

உதாரணத்துக்கு, ஒரு ஒழுகலை அடைக்க ரூ.2,000, உடைத்த சுவரைப் பூசி பெயின்ட் அடிக்க ரூ.2,500 என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு ரூ.4,500. நான்கு தடவை ஒழுகினால் ரூ.18,000. அதாவது, மொத்தமாக மாற்றும் செலவு.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி: ‘இந்த பைப் இன்னும் நான்கு தடவை ஒழுகுமா?’ கடந்த ஒரு வருடத்தில் ஏற்கெனவே இரண்டு தடவை ஒழுகிய ஜிஐ லைன் என்றால் பதில் உங்களுக்கே தெரியும். முதல் தடவை, அதுவும் ஜாயின்ட்டில் மட்டும் என்றால் இப்போதைக்கு ரூ.4,500 போதும்.

நடுவழியும் உண்டு. பழைய லைனை சுவருக்குள்ளேயே விட்டுவிட்டு, புது லைனை சுவருக்கு வெளியே கிளாம்ப் போட்டு ஓட்டலாம். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் உடைக்கும் செலவும் பூசும் செலவும் மிச்சம். அடுத்த முறை ஒழுகினால் கண்ணுக்கும் தெரியும்.

வாடகை வீடு என்றால் யார் கொடுப்பது?

தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு நில உரிமையாளர் - வாடகைதாரர் உரிமைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி, தேவைப்படும்போது பைப் மாற்றுவது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. குழாய், வாஷர் மாற்றுவது வாடகைதாரரின் பொறுப்பு. உங்கள் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். உரிமையாளர் செய்ய மறுத்தால் நீங்களே செய்துவிட்டு வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்க முடியாது. வேலையைத் தொடங்கும் முன் எஸ்டிமேட்டை உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பின்னால் பேச்சு வந்தால் அதுதான் ஆதாரம்.

பணம் கொடுக்கும் முன்

அட்வான்ஸ் பொருள் வாங்கும் அளவுக்கு இருந்தால் போதும். முடிந்தால் கடைக்கு நீங்களும் போய், பில்லை உங்கள் பெயரில் வாங்குங்கள். பாக்கியை டெஸ்ட் முடிந்த பிறகு கொடுங்கள்.

டெஸ்ட் என்றால், சுவரைப் பூசும் முன் லைனில் தண்ணீரை நிறைத்து, குழாய்களை மூடி, ஒரு நாள் விட்டுப் பார்ப்பது. ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வைத்தால் துளி ஈரமும் தெரியும். சிபிவிசி ஒட்டும் பசை குளிரிலும் ஈரக் காற்றிலும் மெதுவாகத்தான் இறுகும். சமவெளியில் போதுமான நேரம் ஜனவரி மாத ஊட்டியில் போதாது. பசை டப்பாவில் குளிருக்கு எவ்வளவு நேரம் போட்டிருக்கிறதோ, அதுவரை தண்ணீர் திறக்க வேண்டாம். பிளம்பர் அவசரப்பட்டாலும் நீங்கள் அவசரப்படாதீர்கள்.

ஒத்துக்கொண்ட வேலையைச் செய்யாமல் ஏமாற்றினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

கூலியில் அடித்துப் பேசுவதைவிட, என்ன வேலை, என்ன பொருள் என்பதில் தெளிவாக இருப்பதுதான் லாபம். இன்றே பிளம்பருக்கு இப்படி ஒரு மெசேஜ் போடுங்கள்: “அண்ணா, எத்தனை அடி, எந்த பைப், எத்தனை இஞ்ச், கூலி எவ்வளவு, பூச்சு வேலை சேர்த்தியா, திரும்ப ஒழுகினா எத்தனை மாசம் வரைக்கும் நீங்களே வந்து பார்ப்பீங்க? எழுதி அனுப்புங்க.” இதற்கு ஒழுங்காகப் பதில் எழுதுபவரின் எஸ்டிமேட் ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தாலும், தாராளமாக ஓகே சொல்லலாம்.