நெஞ்சை நம்பலாமா?

"என் நெஞ்சறிய நான் குற்றமற்றவன்" என்று சொல்லி வழக்கை முடித்துக்கொள்ளும் பழக்கம் நம் எல்லோரிடமும் உண்டு. அவ்வழக்கிலே சாட்சியும் நெஞ்சே, நீதிபதியும் நெஞ்சே, கூண்டில் நிற்பதும் அதுவே. அங்கே நீதி கிடைக்குமா என்று ஐயுற்றவர் எரேமியா தீர்க்கதரிசி. இருதயம் எல்லாவற்றினும் வஞ்சகமானது, தீராத நோயுடையது, அதனை அறியவல்லார் யார் என்பது அவர் நூலின் 17ஆம் அதிகாரம் 9ஆம் வசனத்தின் கருத்து.

அறிவை நம்பு, உணர்ச்சியை நம்பாதே என்பதே இதன் பொருள் எனச் சிலர் கொள்வர். மூலமொழி அதற்கு இடந்தரவில்லை. எபிரேயத்தில் இருதயத்தைக் குறிக்கும் 'லேவ்' என்னுஞ் சொல் உணர்ச்சியை மட்டும் சுட்டுவதன்று. எண்ணத்துக்கும் தீர்மானத்துக்கும் அதுவே உறைவிடம். எனவே தீர்க்கதரிசி ஐயுறுவது, நாம் அறிவென்று பெருமை பேசும் மனத்தையுந்தான்.

வஞ்சகத்தைக் குறிக்க அவர் ஆண்ட சொல், யாக்கோபு என்னும் பெயரோடு வேரால் உறவுடையது. யாக்கோபு வஞ்சித்தது அந்நியனையன்று. கண் மங்கிய தன் தந்தையை. இருதயமும் அத்தகையதே, அது முதலில் ஏமாற்றுவது தன்னை உடையவனையே. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலோ, இருதயம் எல்லாவற்றினும் ஆழமானது, அதுவே மனிதன் என்ற பொருள் காணப்படுகிறது. வஞ்சகமென்றாலும் ஆழமென்றாலும், எட்டிப் பார்ப்பவனுக்கு அடி தெரிவதில்லை என்பதே முடிபு.

இஃது ஏட்டுத் தத்துவமன்று. எருசலேம் பாபிலோனியரிடம் வீழவிருந்த காலத்தில், சமாதானம் நிலைக்குமென்று கூறி மக்களைத் தேற்றிய தீர்க்கதரிசிகள் பலர் இருந்தனர். தம் இருதயத்தில் தோன்றியதையே தெய்வ வாக்கென அவர்கள் உரைத்தனர் என்று எரேமியா கடிந்தார். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரமும் ஆலயமும் எரியுண்டன. விரும்பியதை உண்மையென நம்பியதற்கு ஒரு நாடே விலை கொடுத்தது.

ஆயின், நெஞ்சைத் துறந்துவிடுவதா? அதே எரேமியா 31ஆம் அதிகாரத்தில், இறைவன் தன் சட்டத்தை மக்களின் இருதயத்திலேயே எழுதுவான் என்கிறார். எழுதத் தகாத பலகையாயின் அதில் எழுதுவானேன்? சாலொமோன் அரசன் இறைவனிடம் வேண்டியதும் ஓர் இருதயமே. தமிழ் வேதாகமம் ஞானமுள்ள இருதயம் எனத் தரும் அத்தொடருக்கு, எபிரேயத்தில் 'கேட்கும் இருதயம்' என்பதே நேர்ப்பொருள். ஆணையிடும் இருதயத்தை அவன் கேட்கவில்லை. செவிசாய்க்கும் இருதயத்தையே கேட்டான்.

தெரிந்தே பொய்யுரைப்பவனை அவன் உள்ளமே வருத்தும் என்கிறார் வள்ளுவர், வாய்மை அதிகாரத்தில். அது நாம் அறிந்த பொய். எரேமியா காட்டுவதோ நாம் அறியாத பொய். அது சுடுவதில்லை, இதமாகவே இருக்கும். மாணவனைத் தண்டித்த ஆசிரியர், "அவன் நன்மைக்கே செய்தேன்" என்று அமைதி கொள்ளலாம். அது நன்மைதானா, சினமா என்பதை அவர் நெஞ்சு மட்டும் தீர்ப்பிடல் ஆகாது. அடிபட்ட பிள்ளையின் முகத்தையும் சற்றே நோக்கவேண்டும். அவன் சொல்லையும் கேட்கவேண்டும்.

நெஞ்சைச் சாட்சியாக அழைப்போம். குறுக்கு விசாரணையின்றி அதன் வாக்குமூலத்தை ஏற்காதிருப்போம்.