வண்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர்: மிஸ்ஸிங்கைச் சொல்லும், ஸ்டியரிங்கைச் சொல்லாது

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் கடிதம் டைப் செய்கிறோம், பாட்டுக் கேட்கிறோம், இ-மெயில் அனுப்புகிறோம். அதே கம்ப்யூட்டரை வண்டிக்குள் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டருடன் பேச வைத்து, இன்ஜின் கோளாறையும் கண்டுபிடிக்கலாம். இதற்குப் பெரிய புரோகிராமிங் அறிவு தேவையில்லை. ஒரு அடாப்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். வேலை நிமித்தமாக அமெரிக்காவில் வசிக்கிறேன். வீட்டுச் சாமான் ஏற்றுவதற்காக 2001-ம் ஆண்டு மாடல் பிக்கப் டிரக் ஒன்று வைத்திருக்கிறேன். எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். சில மாதங்களுக்கு முன் அதில் இரண்டு கோளாறுகள் ஒன்றாக வந்தன. சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் குலுங்கியது. நம் ஊர் மெக்கானிக்குகள் "மிஸ்ஸிங் அடிக்கிறது" என்பார்களே, அதுதான். அடுத்து, ஸ்டியரிங்கை இரண்டு மூன்று விரல் அகலம் திருப்பினாலும் சக்கரம் அசையவில்லை. இதை "பிளே" என்பார்கள்.

டேஷ்போர்டில் 'செக் இன்ஜின்' விளக்கு எரிந்தது. ஆனால் அது மிஸ்ஸிங்குக்காக மட்டும்தான். ஸ்டியரிங் பற்றி வண்டியின் கம்ப்யூட்டர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இரண்டில் உயிருக்கு ஆபத்தானது எதுவோ, அதைப் பற்றித்தான் மௌனம்! ஏன் இப்படி என்பதைப் புரிந்துகொண்டால் இந்தக் கட்டுரையின் முக்கால் பங்கு புரிந்துவிடும்.

வண்டியில் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கும் இலகுரக டிரக்குகளுக்கும் 1996-ம் ஆண்டு மாடலில் இருந்து ஓபிடி-2 என்ற முறை கட்டாயம். வண்டி வெளியிடும் புகையைக் கட்டுப்படுத்துவதுதான் இதன் நோக்கம். இன்ஜினைக் கவனிக்கும் கம்ப்யூட்டர், கோளாறைக் கண்டதும் ஒரு எண்ணாக நினைவில் எழுதி வைக்கும். அந்த எண்ணை வெளியே எடுக்க, டிரைவர் பக்க டேஷ்போர்டுக்கு அடியில் 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும். இந்தியாவில் கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயமானது 2013 ஏப்ரலில். கனரக லாரிகளில் வட்டமான 9 பின் சாக்கெட்டும் வேறு முறையும் இருப்பதால், இங்கே சொல்லும் அடாப்டர் அவற்றுக்குப் பொருந்தாது.

மிஸ்ஸிங்கை அது எப்படி அறிகிறது?

மிஸ்ஸிங் என்றால் ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். இதை நேராகப் பார்க்க சிலிண்டருக்குள் கேமரா இல்லை. கிராங்க் ஷாஃப்ட் அருகே ஒரு சென்சார் இருக்கிறது. எட்டு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஒரு சுற்று சுற்றுவதற்குள் நான்கு முறை எரிப்பு நடக்க வேண்டும். நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் வினாடிக்கு 10 சுற்று, அதாவது வினாடிக்கு 40 எரிப்பு. ஒவ்வொரு எரிப்பும் கிராங்கை ஒரு தள்ளு தள்ளும். ஒரு தள்ளு வராவிட்டால் அந்த நொடித்துளியில் வேகம் சற்றுக் குறையும். அந்தக் குறைவைக் கணக்கிட்டு, எந்த சிலிண்டரின் முறை அது என்று பார்த்து, கம்ப்யூட்டர் குறித்துக்கொள்கிறது.

ஸ்டியரிங் ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க இப்படி ஒரு சென்சார் அந்த வண்டியில் கிடையாது. சென்சார் இல்லாத இடத்தில் கம்ப்யூட்டருக்குக் கண் இல்லை. மின்சார பவர் ஸ்டியரிங் உள்ள புதிய வண்டிகளில் திருப்பும் கோணத்தை அளக்கும் சென்சார் உண்டு. அதுவும் தேய்ந்த ஜாயிண்டை நேராகப் பார்ப்பதில்லை. ஆகவே விளக்கு எரியவில்லை என்பதால் வண்டி நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது.

லேப்டாப்பை இணைப்பது எப்படி?

இ.எல்.எம்.327 என்ற சிப்பின் கட்டளைகளுக்கு வேலை செய்யும் அடாப்டர்கள் கடைகளில் கிடைக்கின்றன. யு.எஸ்.பி. கேபிள் உள்ளதும் உண்டு, புளூடூத் உள்ளதும் உண்டு. லேப்டாப்புக்கு யு.எஸ்.பி. வகை எளிது.

1. அடாப்டரை வண்டியின் சாக்கெட்டிலும், கேபிளை லேப்டாப்பிலும் செருகுங்கள்.
2. சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்புங்கள். எண்களைப் படிக்க இன்ஜின் ஓட வேண்டியதில்லை.
3. விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். போர்ட்ஸ் என்ற தலைப்பின் கீழ் காம்3, காம்4 என்பது போல ஒன்று தெரியும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் அடாப்டருக்கான டிரைவர் சாப்ட்வேரை நிறுவ வேண்டும்.
4. ஓபிடி-2 சாப்ட்வேர் ஒன்றைத் திறந்து அந்தப் போர்ட்டைத் தேர்வு செய்யுங்கள்.

சாப்ட்வேரே எல்லாவற்றையும் மொழிபெயர்த்துத் தந்துவிடும். ஆனால் உள்ளே நடப்பதைப் பார்க்க ஆசையாக இருந்தால் 'புட்டி' போன்ற இலவச டெர்மினல் புரோகிராமில் நீங்களே கேள்வி கேட்கலாம். 03 என்று டைப் செய்து என்டர் தட்டினால் "பதிவான கோளாறு எண்களைத் தா" என்று பொருள். என் வண்டி தந்த பதில் இது:

43 03 04 00 00 00 00

முதலில் உள்ள 43 என்பது "03-வது கேள்விக்கு இதோ பதில்" என்கிறது. அடுத்த 03 04 தான் கோளாறு. அதற்கு முன் பி என்ற எழுத்தைச் சேர்த்தால் பி0304. இன்ஜின், கியர் சம்பந்தப்பட்ட எண்கள் பி-யில் தொடங்கும். பி0301 முதல் பி0308 வரை முறையே 1 முதல் 8 வரையிலான சிலிண்டர்களின் மிஸ்ஸிங். பி0300 என்றால் ஒரே சிலிண்டரில் நிற்காமல் பலவற்றில் மாறி மாறி வருகிறது.

இன்னொரு கேள்வி: 0105. இது இன்ஜின் கூலன்ட் வெப்பநிலை. பதில் 41 05 78 என்று வந்தால் கடைசி 78-ஐ மட்டும் எடுங்கள். இது ஹெக்ஸாடெசிமல் எண். 7-ஐ 16-ஆல் பெருக்கி 8-ஐக் கூட்டினால் 120. அதிலிருந்து 40-ஐக் கழித்தால் 80 டிகிரி செல்சியஸ். அவ்வளவுதான் ரகசியம்.

எண் காட்டுவது இடத்தை, பாகத்தை அல்ல

பி0304 வந்ததும் கடைக்கு ஓடி எட்டு காயிலும் எட்டு பிளக்கும் வாங்க வேண்டாம். "நான்காவது சிலிண்டரில் எரியவில்லை" என்றுதான் அது சொல்கிறது. காயிலா, ஸ்பார்க் பிளக்கா, இன்ஜெக்டரா, கம்ப்ரஷனா என்று சொல்லவில்லை.

முதலில் நான்காவது சிலிண்டர் எது என்று பாருங்கள். ஃபோர்டு வி-8 இன்ஜினில், டிரைவர் அமர்ந்து முன்னால் பார்க்கும்போது வலப்பக்கத்தில் 1 முதல் 4, இடப்பக்கத்தில் 5 முதல் 8. செவர்லே வி-8 இன்ஜினில் இடப்பக்கம் 1, 3, 5, 7. வலப்பக்கம் 2, 4, 6, 8. ஃபோர்டில் 4 என்பது வலது வரிசையில் கடைசி. செவர்லேயில் அதே வரிசையில் இரண்டாவது. எண் தெரிந்தும் தவறான பிளக்கைக் கழற்றினால் என்ன பயன்?

அடுத்தது இடமாற்றச் சோதனை. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள இன்ஜினில், இன்ஜினை நிறுத்தி, நன்றாக ஆறிய பிறகு 4-வது காயிலையும் 2-வது காயிலையும் மாற்றிப் பொருத்துங்கள். பழைய எண்ணை அழித்துவிட்டு இன்ஜினை ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0302 வந்தால் கோளாறு காயிலோடு நகர்ந்துவிட்டது, காயில்தான் குற்றவாளி. பி0304 அப்படியே நின்றால் பிளக்கை இடம் மாற்றுங்கள். அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர், பிறகு கம்ப்ரஷன். என் வண்டியில் எண் 0302-க்கு நகர்ந்தது. ஒரே ஒரு காயில் வாங்கினேன்.

பி0300 வந்தால் 'ஃப்யூயல் டிரிம்' என்ற சதவீதத்தைப் பாருங்கள். கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோல் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று அது காட்டும். இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது 10 சதவீதத்துக்கு மேல் இருந்து, ரேஸ் செய்தால் பூஜ்யத்தை நெருங்கினால், எங்கோ ரப்பர் குழாய் வழியாகக் காற்று உள்ளே போகிறது என்று சந்தேகிக்கலாம். மாறாக, லோடு ஏற ஏற அதிகமானால் ஃபில்டர் அல்லது பெட்ரோல் பம்ப் பக்கம் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. விளக்கு நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னினால் ஆக்சிலேட்டரைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாயில் உள்ள கேடலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அதிக வெப்பத்தில் கன்வர்ட்டர் கெட்டுவிடும். காயிலை விட அதன் விலை பல மடங்கு.

குலுக்கல் எங்கிருந்து வருகிறது?

இரண்டு கோளாறும் ஒன்றாக இருக்கும்போது ஸ்டியரிங் குலுங்குவது எதனால் என்று குழப்பம் வரும். பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. வண்டியை நிறுத்தி, கியரைப் 'பார்க்'கில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டுக்கொண்டு இன்ஜினை ஓட விடுங்கள். நின்ற இடத்திலேயே குலுங்கினால் அது இன்ஜின். நிற்கும்போது அமைதியாக இருந்து, வண்டியின் வேகத்தோடு கூடினால் அது டயர், சக்கரம், ஸ்டியரிங் பக்கம்.

ஸ்டியரிங்குக்குக் கண்ணும் கையும்தான் சென்சார்

முதலில் டயர் காற்றைச் சரிபாருங்கள். குறைந்த காற்றே வண்டியை அலைய வைக்கும். பிறகு ஸ்டியரிங் வீலின் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டு, சக்கரம் அசையாமல் வீல் எத்தனை சென்டிமீட்டர் திரும்புகிறது என்று அளந்து எழுதி வையுங்கள்.

அடுத்து, சக்கரங்கள் தரையில் இருக்கட்டும். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை ஓட விட்டு, வீட்டில் ஒருவரை வீலை மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் இருந்து கவனியுங்கள். ஃபேன், பெல்ட் அருகே கை போகக்கூடாது. அசைவு ஒரு சங்கிலி போலப் போகும்: ஸ்டியரிங் ஷாஃப்ட், கியர் பாக்ஸ், பிட்மேன் ஆர்ம் (நம் மெக்கானிக்குகள் டிராப் ஆர்ம் என்பார்கள்), நடுக் கம்பி, ஐட்லர் ஆர்ம், டை ராடு எண்டு, சக்கரம். எந்த இடத்தில் ஒரு பக்கம் அசைந்தும் மறுபக்கம் அசையாமல் நிற்கிறதோ, அங்கேதான் தேய்மானம்.

பிறகு இன்ஜினை நிறுத்தி, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். கடிகாரத்தின் 9, 3 இருக்கும் இடங்களில் டயரைப் பிடித்து ஆட்டும்போது தடதடத்தால் டை ராடு எண்டைச் சந்தேகியுங்கள். 12, 6 இடங்களில் ஆட்டும்போது என்றால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். கியர் பாக்ஸ் மேல் உள்ள அட்ஜஸ்ட் ஸ்குருவை முதலிலேயே முறுக்குவது தப்பு. அதிகம் இறுக்கினால் ஸ்டியரிங் பிடித்துக்கொள்ளும்.

என் வண்டியில் இடப்பக்க டை ராடு எண்டின் ரப்பர் கிழிந்து, உள்ளே குண்டு தளர்ந்திருந்தது. அது கழன்றால் அந்தச் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பும் என்பது யார் கையிலும் இல்லை. அதனால் விளக்கு எரிந்த கோளாறை ஒத்திவைத்து, விளக்கு எரியாத கோளாறை முதலில் சரிசெய்தேன். அதுவரை மனைவியையும் குழந்தையையும் அதில் ஏற்றவில்லை. டை ராடு மாற்றிய பின் வீல் அலைன்மென்ட் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அழிப்பதற்கு முன் எழுதுங்கள்

சாப்ட்வேரில் 'கிளியர்' பட்டனைப் பார்த்ததும் அழுத்தத் தோன்றும். அழுத்தினால் கோளாறு எண்ணோடு 'ஃப்ரீஸ் ஃபிரேம்' என்ற பதிவும் போய்விடும். கோளாறு வந்த நேரத்தில் இன்ஜின் வேகம், வெப்பநிலை, லோடு எவ்வளவு என்று அதில்தான் இருக்கும். எனவே முதலில் நோட்பேடைத் திறந்து தேதி, ஓடிய தூரம், கோளாறு எண், ஃப்ரீஸ் ஃபிரேம் விவரம், ஸ்டியரிங் பிளே எத்தனை சென்டிமீட்டர் என ஐந்து வரி எழுதி சேவ் செய்யுங்கள். மெக்கானிக்கிடம் போகும்போது அந்த ஐந்து வரியை பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள். அவருடைய நேரமும் உங்கள் பணமும் மிச்சமாகும். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்ற மறக்க வேண்டாம். செருகியே வைத்திருந்தால் நிறுத்தி வைத்த வண்டியின் பேட்டரி இறங்கிவிடும்.