ஆலோசனைக்கு என்ன விலை?



அரிசியைப் படியால் அளக்கலாம். துணியை முழத்தால் அளக்கலாம். ஆலோசனையை எதனால் அளப்பது? படித்துப் பட்டம் பெற்றபின் சிறியதோர் ஆலோசனை நிலையம் அமைக்க விழைவோர் உங்களுள் சிலரேனும் இருப்பீர்கள். உங்களை முதலில் எதிர்கொள்ளும் வினா இதுவே.

கணக்கிலிருந்து தொடங்குவோம். ஒருவருக்கு ஆண்டொன்றுக்குக் குடும்பச் செலவு 6 லட்சம் ரூபாய், அலுவலகச் செலவு 2 லட்சம் ரூபாய் எனக் கொள்வோம். அவர் உழைப்பது 240 நாள். எட்டு லட்சத்தை 240ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,333 ரூபாய் வருகிறது. வகுத்தல் சரி, விடை தவறு! உழைக்கும் நாளெல்லாம் ஊதியம் தரும் நாள் அன்று. வாடிக்கையாளரைத் தேடுவதிலும், கணக்கெழுதுவதிலும், புதியன கற்பதிலும் மூன்றில் ஒரு பங்கு கழிந்துவிடும் என்று வைத்துக்கொண்டால், எஞ்சுவது 160 நாளே. ஆகவே நாளொன்றுக்கு 5,000 ரூபாய் பெற்றால்தான் அவர் கடன்படாது வாழ இயலும். வரியும் சேமிப்பும் இதற்கு மேல்.

இனி, கட்டணம் பெறும் முறைகளைக் காண்போம். அவற்றுள் மூன்று முதன்மையானவை.

முதலாவது, காலத்துக்குக் கூலி. வேலையின் அளவு முன்கூட்டித் தெரியாதபோது இது பொருந்தும். ஆனால் விரைந்து முடிக்கும் வல்லவனுக்குக் குறைவாகவும், தாமதிப்பவனுக்கு மிகுதியாகவும் கிடைக்கும். கொடுப்பவர்க்கோ, தொகை எங்கே போய் நிற்குமோ என்ற அச்சம்.

இரண்டாவது, மொத்தத் தொகை. இதில் அச்சம் இல்லை. எனினும், “இதையும் சற்றுப் பார்த்துவிடுங்கள்” என்ற வேண்டுகோள்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும். எவை இத்தொகையுள் அடங்கும், எவை அடங்கா என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பயனில் பங்கு. என் பழைய மாணவர் ஒருவர் நூற்பாலைகளுக்கு மின்சாரச் சிக்கனம் பற்றி ஆலோசனை கூறுபவர். “மிச்சப்படும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு கேட்கலாமா, ஐயா?” என்று என்னிடம் வினவினார். “ஆலை பத்து நாள் மூடிக் கிடந்தாலும் கட்டணச் சீட்டில் தொகை குறையுமே, அதுவும் உன் சாதனையா?” என்று கேட்டேன். சிந்தித்துவிட்டு, ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் செலவாகிறது என்பதையே அளவுகோலாகக் கொண்டார். அளவுகோலை இருவரும் ஒப்புக்கொண்ட பின்னரே பங்கு கேட்பது முறை.

எல்லாத் தொழிலுக்கும் இம்முறை ஏற்றதும் அன்று. வழக்கின் வெற்றியைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகள் தடுக்கின்றன. 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்கர் சட்டமும், விலக்களிக்கப்பட்ட சில பணிகள் தவிர, இலாபத்தில் விழுக்காடு பெறுவதைத் தடை செய்கிறது. காரணம் யாது? முடிவில் பங்குடையவனது சொல் நடுநிலை பிறழக்கூடும் அன்றோ?

ஆகவே, புதியவர்க்கு நான் கூறுவது இது: அறியாத வேலைக்குக் காலக்கூலி பெறுக, பழகிய வேலைக்கு மொத்தத் தொகை பேசுக, ஐயமின்றி அளக்கக் கூடியதாயின் மட்டும் பங்கு கேட்க. எம்முறையாயினும் வேலை தொடங்குமுன் தொகையைச் சொல்லிவிடுக. முன்னரே சொன்ன கட்டணம் மிகுதியாயின் வாடிக்கையாளர் மறுத்துவிடலாம். பின்னர்ச் சொன்னால் அவருக்கு அந்த உரிமையும் இல்லாது போகிறது.