டில்லி வெயிலும் கறிக்கோழியும்

மே, ஜூன் மாதங்களில் டில்லி வட்டாரத்தில் வெயில் 44, 45 டிகிரியைத் தொடுகிறது. 'லூ' என்னும் அனல்காற்றுக்குப் பயந்து மனிதன் மோரைத் தேடுகிறான். ஹரியானா பண்ணையில் கூரைக்கடியில் நெருக்கியடித்துக் கிடக்கும் கறிக்கோழி என்ன செய்யும்?

கோழிக்கு வியர்ப்பது கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்க வேண்டும். தண்ணீர் குடிக்கும், தீனியைத் தொடாது. சுமார் 40 நாளில் 2 கிலோ வர வேண்டிய கோழி எடை ஏறாமல் நின்றுவிடும். அதோடும் போவதில்லை. சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குப் பாய்வதால் குடலுக்கு ரத்தம் குறைகிறது. குடலின் உட்சுவர் நைந்து, ஈ.கோலை போன்ற கிருமிகள் உள்ளே புகுகின்றன.

இதற்குப் பயந்து, நோய் வருமுன்னரே தீனியில் ஆன்டிபயாடிக் மருந்து கலப்பவர்கள் உண்டு. எடையும் சற்றுக் கூடும் என்ற ஆசை வேறு! 2014-ம் ஆண்டு டில்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் வாங்கிய 70 கோழிகளை, அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சோதித்தது. 40 சதவிகிதத்தில் மருந்தின் மிச்சம் இருந்தது.

சிறுகச் சிறுக மருந்து கண்ட கிருமி, பின்னர் அந்த மருந்துக்கு அடங்காததாகிவிடக்கூடும். 'கொலிஸ்டின்' என்று ஒரு மருந்து. வேறெதுவும் பலிக்காத நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கொடுப்பது. அதையே கோழிக்கும் போட்டு வந்தார்கள். 2019 ஜூலையில் மத்திய அரசு அதற்குத் தடை விதித்தது. வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பியக் கூட்டு நாடுகள் 2006-லேயே அடியோடு நிறுத்திவிட்டன.

மாற்று, புரோபயாடிக். தயிரை உறைய வைக்கும் இனத்தைச் சேர்ந்த லாக்டோபாசில்லஸ் போன்ற நல்ல நுண்ணுயிர்கள் இவை. குடலில் இடம் பிடித்துக்கொண்டு, கெட்ட கிருமியை அண்டவிடாமல் செய்கின்றன. பாசில்லஸ் சப்டிலிஸ் என்ற வகையின் வித்துகள் தீனி ஆலையின் சூட்டையும் தாங்கும். ஆனால் இரண்டையும் சேர்த்துப் போட்டால் பெரும்பாலும் காசு வீண்; ஒன்று உயிர், மற்றது உயிர்க்கொல்லி.

புரோபயாடிக் ஒன்றும் மந்திரமல்ல. கூரைமேல் வைக்கோல், பக்கவாட்டில் ஈரச் சாக்கு, குளிர்ந்த தண்ணீர், விடியற்காலையிலும் இரவிலும் தீனி, கோடையில் குறைந்த எண்ணிக்கையில் குஞ்சுகள் - இவை முதலில் வேண்டும்.

ஞாயிறன்று கறி எடுக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும். பச்சைக்கறி வெட்டிய பலகையைக் கழுவாமல் அதிலேயே வெங்காயம் நறுக்கினால், வேகவைத்தும் பயனில்லை.