பட்டன் எங்கே போச்சு?

நம்ம கம்ப்யூட்டர் லேப்பில் கடைசி வரிசையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கே, பார்த்திருக்கீங்களா? அதில் இருப்பது 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. ‘ஸ்டார்ட்’ பட்டன் பச்சையா, உப்பலா இருக்கும். யாரும் சொல்லித்தர வேண்டாம், கை தானா அங்கே போகும்.

நிஜப் பொருளைப் போலவே திரையிலும் வரைவது ஒரு பாணி. 2013 வரை ஐபோனில் ‘நோட்ஸ்’ மஞ்சள் கோடு போட்ட தாள் மாதிரியே இருந்தது. மேலே தாள் கிழித்த ஓரம்கூடத் தெரியும்! புத்தகம் படிக்கும் ‘ஐபுக்ஸ்’ஸோ அசல் மர அலமாரி. தொடுதிரை அப்போது புதுசு. தெரிந்த பொருளைக் காட்டினால் ஜனங்களுக்குச் சட்டென்று புரியும் அல்லவா? (ஃபைலை சேவ் பண்ண இன்னும் ஃபிளாப்பி படத்தைத்தானே அமுக்குறோம். நம்ம வகுப்பில் ஃபிளாப்பியை நேரில் பார்த்தது யாரு?)

அப்புறம் எல்லாம் தட்டையாச்சு. 2012-ல் விண்டோஸ் 8 வெறும் வண்ணக் கட்டங்களோடு வந்தது. ஸ்டார்ட் பட்டனையே எடுத்துட்டாங்க! ஆளுங்க சத்தம் போட, 2013-ல் 8.1-ல் திரும்ப வைத்தார்கள். அதே வருஷம் ஐபோனின் ஐ.ஓ.எஸ். 7 தோல், மரம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. பல பட்டன்களுக்குச் சுற்றிக் கோடுகூட இல்லை, வெறும் எழுத்துதான். தட்டையாக வரைந்தால் சின்னத் திரை, பெரிய திரை எல்லாவற்றுக்கும் சுலபமாகப் பொருந்தும். அது நல்லதுதான்.

ஆனால் போன வருஷம் என் உதவித்தொகை விண்ணப்பத்தை அம்மா போனில் பூர்த்தி செய்தாங்க. கடைசியில் ‘சமர்ப்பி’ என்று சாம்பல் நிறத்தில் வெறும் எழுத்து. அது பட்டன் என்று தெரியாமல், முடிஞ்சிருச்சுன்னு மூடிட்டாங்க. பணம் வரல. நான் அம்மாகிட்ட கத்தினேன். பிறகு அந்தப் பக்கத்தை நானே திறந்து பார்த்தேன். எனக்கும் ரெண்டு நிமிஷம் ஆச்சு.

கூகுள் 2014-ல் ‘மெட்டீரியல் டிசைன்’ கொண்டுவந்தது. தாள் மேல் தாள் வைத்த மாதிரி, கீழே லேசா நிழல் விழும். மேலே இருப்பது எது, அமுக்க வேண்டியது எது என்று நிழலே சொல்லிவிடும். என் ஓட்டு இதுக்குத்தான். 2025-ல் ஆப்பிள் கண்ணாடி மாதிரி ஒரு பாணி விட்டிருக்கு. பார்க்க அழகு. பின்னாடி படம் பளிச்சுன்னு இருந்தால் எழுத்தைப் படிக்க முடியலைன்னு பலர் குறை சொன்னாங்க.

இந்த வருஷ விண்ணப்பத்தை அம்மாவும் நானும் சேர்ந்தே போட்டோம். பட்டனை அமுக்கியது அம்மாதான்.