வண்டியின் கண்கள்

இரவில் வழிச் செல்வோர்க்கு விளக்கு இரண்டு உதவிகளைப் புரிகின்றது. செல்வோன் தன் வழியைக் காண்பது ஒன்று. எதிரே வருவோன் அவனைக் காண்பது மற்றொன்று. மக்கள் கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் சென்ற காலத்தில் ஓர் அரிக்கேன் விளக்கே இவ்விரண்டிற்கும் போதியதாயிருந்தது. நொடிக்குப் பதினைந்து மீட்டரும் இருபது மீட்டரும் பாய்ந்தோடும் மோட்டார் வண்டி தோன்றிய பின்னரோ, தொலைவிலுள்ளதைக் காட்டும் வலிய விளக்கு இன்றியமையாததாயிற்று. வண்டியின் முகப்பில் இரு புறமும் அமைந்த விளக்குகளை அதன் கண்கள் என்றே கூறலாம். அக்கண்கள் வளர்ந்த வரலாற்றையும், அவற்றை மாற்ற விரும்புவோர் அறிய வேண்டுவனவற்றையும் இங்குக் காண்போம்.

முதன்முதலில் மோட்டார் வண்டிகளில் எண்ணெய் விளக்குகளும், அவற்றின்பின் அசெட்டிலீன் விளக்குகளும் இருந்தன. கால்சியம் கார்பைடின்மேல் நீர் சொட்டுங்கால் எழும் வாயுவே அசெட்டிலீன். அதன் சுடர் காற்றுக்கும் மழைக்கும் எளிதில் அணையாது. 1912-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் காடிலாக் வண்டிகளில், பொறியைத் தொடங்குவதும் விளக்கெரிப்பதும் மின்சாரத்தால் ஒருங்கே நிகழலாயின. அதுமுதல் மின்விளக்கே எங்கும் பரவிற்று.

டங்ஸ்டன் என்னும் உலோகத்தாலாய மெல்லிய இழை மின்னோட்டத்தால் சூடேறி ஒளிர்வதே பழைய மின்குமிழின் இயல்பு. டங்ஸ்டன் உருகுதற்கு ஏறத்தாழ 3,400 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். எனினும் உருகாமுன்னரே அது சிறிது சிறிதாக ஆவியாகின்றது. அவ்வாவி கண்ணாடியிற் படிந்து அதனைக் கருக்கும், இழை தேயும், ஒளி மங்கும். இக்குறையைப் போக்க எழுந்ததே ஹாலஜன் விளக்கு. 'உப்பை ஈனுவது' என்பது ஹாலஜன் என்னும் சொல்லின் பொருள். ஆதலின் அவ்வினத் தனிமங்களைத் தமிழில் உப்பீனிகள் என்பர். அயோடினும் புரோமினும் அவ்வினத்தைச் சார்ந்தவை. குமிழினுள் இவ்வினப் பொருளைச் சிறிதளவு சேர்த்தால், ஆவியான டங்ஸ்டன் அதனோடு கூடும். கூடியது கண்ணாடியிற் படியாது மீண்டும் இழையருகே செல்லும். அங்குள்ள பெருவெப்பத்தாற் பிரிந்து டங்ஸ்டனை இழையிலேயே விட்டுவிடும். கடலினின்றும் ஆவியாய் எழுந்த நீர் மழையாய் மீள்வது போன்றது இச்சுழற்சி. இது நிகழவேண்டுமாயின் குமிழின் சுவர் 250 டிகிரிக்கு மேல் வெம்மையுற்றிருத்தல் வேண்டும். அதனால் அக்குமிழ் சிறியதாகவும், வெப்பந் தாங்கும் குவார்ட்ஸ் கண்ணாடியாலும் செய்யப்படுகின்றது. அதனை வெறுங்கையால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப்பசை படிந்த இடம் அளவுக்கு மீறிச் சூடேறிக் குமிழைக் கெடுக்கும். 1962-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் வண்டிகளுக்கென இவ்விளக்கு வெளிவந்தது.

ஹாலஜன் விளக்கில் ஒளிர்வது இழை. செனான் விளக்கிலோ இழையே இல்லை. வில்லியம் ராம்சே, மாரிஸ் டிராவர்ஸ் என்னும் அறிஞர் இருவர் 1898-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் கண்டறிந்த வாயு செனான். காற்றில் ஒரு கோடிப் பங்கில் ஒரு பங்குகூட அஃது இல்லை. 'அயலான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் அதற்குப் பெயரிட்டனர். அச்சொல்லுக்கு விருந்தினன் என்னும் பொருளும் உண்டு. நம் மொழியிலும் 'விருந்து' என்னும் சொல் முதற்கண் புதுமையைக் குறித்துப் பின்னர் இல்லம் நாடி வந்த புதியவரைக் குறித்தமை ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது.

செனான் விளக்கின் சிறு குவார்ட்ஸ் கூட்டினுள் இரண்டு மின்முனைகள் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. செனான் வாயுவும் சில உலோக உப்புகளும் அதனுள் அடைபட்டிருக்கும். வண்டியின் மின்கலம் தருவது 12 வோல்ட்டே. தனியே அமைந்த ஒரு மின்கருவி அதனை 20,000 வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்தி, முனைகளுக்கிடையே ஒரு பொறியைப் பாய்ச்சுகின்றது. பாய்ந்த பொறி நிலைத்து ஒளிவில்லாகின்றது. பின்னர் அது தொடர்ந்து எரிய நூறு வோல்ட்டினும் குறைந்த மின்னழுத்தமே போதும். சில நொடிகளில் உப்புகள் ஆவியாகி ஒளி முழுமை பெறும். 55 வாட் மின்திறன் கொள்ளும் எச்7 என்னும் ஹாலஜன் குமிழ் ஏறத்தாழ 1,500 லூமென் ஒளி தர, 35 வாட் மட்டுமே கொள்ளும் டி2எஸ் என்னும் செனான் குமிழ் ஏறத்தாழ 3,200 லூமென் தருகின்றது. செலவு சுருங்க வரவு பெருகுகின்றதன்றோ? அன்றியும் இதன் ஒளி வெண்மை மிக்கது, வாழ்நாளும் நீண்டது. 1991-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டுப் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் 7 வரிசை வண்டியில் இவ்விளக்கு முதன்முதலாக இடம்பெற்றது.

இத்துணைச் சிறப்புடைய குமிழை வாங்கி, ஹாலஜன் குமிழைக் கழற்றிவிட்டு அவ்விடத்திற் செருகினால் என்ன என்று சிலர் எண்ணுவர். அங்கேதான் பிழை நேர்கின்றது. முகப்பு விளக்கு என்பது குமிழ் மட்டுமன்று. குமிழும், அதன் பின்னுள்ள குழியாடியும், முன்னுள்ள கண்ணாடியும் சேர்ந்ததே விளக்கு. ஹாலஜன் குமிழில் இழை எவ்விடத்தில், எவ்வடிவில் நிற்குமென்று நுண்ணிதாகக் கணக்கிட்டே குழியாடியின் வளைவை அமைக்கின்றனர். எச்4 என்னும் வகையில் இரண்டு இழைகள் உண்டு. ஒன்று தொலைவை நோக்கும் உயர்கற்றைக்கும், மற்றொன்று அண்மையை நோக்கும் தாழ்கற்றைக்கும் உரியன. தாழ்கற்றை இழையின் கீழே ஒரு சிறு உலோகக் கிண்ணம் நின்று, மேலெழும் கதிரைத் தோன்றாவண்ணம் மறைக்கின்றது. அதனாலேயே எதிரே வருவோன் கண்ணிற்குக் கீழாக, வெட்டினாற்போன்ற விளிம்புடன் ஒளி தரையில் விழுகின்றது. செனானின் ஒளிவில்லோ இழையின் வடிவினதன்று, வளைந்தது, பருமையும் வேறு. பிறர்க்கென வகுத்த அக்குழியாடியில் அஃது அமர்ந்தால் கதிர்கள் நெறி தப்பி நாற்புறமும் சிதறும். சாலையில் விழவேண்டிய ஒளி எதிரே வருவோன் கண்ணில் விழும். விருந்தினனை அழைப்போன் அவனுக்குத் தக்க இடமும் அமைத்தல் வேண்டுமன்றோ?

கண்கூச்சத்தின் கேட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவிற் செல்லும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் செல்லும். பேரொளியாற் கூசிய கண் தெளிவதற்கு மூன்று நொடி ஆகுமாயின், அதற்குள் வண்டி 50 மீட்டர் கடந்துவிடும். அந்த 50 மீட்டரில் மிதிவண்டியிற் செல்லும் ஒருவரோ, சாலையைக் கடக்கும் ஒரு குழந்தையோ இருக்கலாம். ஓட்டுவோனுக்கு அவர் தோன்றார். அகவை முதிர்ந்தோர் கண் தெளிவதற்கு இன்னும் மிகுதியான நேரம் வேண்டும்.

இதனைத் தடுக்கவே சட்டங்கள் எழுந்தன. ஐரோப்பிய விதிகள், 2,000 லூமெனுக்கு மேற்பட்ட ஒளிமூலம் தாழ்கற்றையில் அமையுமாயின், பின்னிருக்கையிற் சுமை ஏறி வண்டி முகம் நிமிர்ந்தபோதும் கற்றை தானே தாழும் அமைப்பும், கண்ணாடியின் அழுக்கைக் கழுவும் கருவியும் வேண்டுமென வகுத்தன. அழுக்குத் துகளும் ஒளியைச் சிதறடிக்கும் ஆதலின் இவ்விதி தோன்றிற்று. நம் நாட்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, விளக்கிற்கு 8 மீட்டர் முன்னே, 0.5 மீட்டர் வலப்புறம், தரையினின்றும் 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச் செய்யாவாறு ஒளி கீழ்நோக்கித் தாழ்ந்திருத்தல் வேண்டுமெனக் கூறுகின்றன.

அங்ஙனமாயின் மங்கிய விளக்குடையோர் செய்யத்தக்கது யாது? முதலில் கண்ணாடியைத் துலக்குதல் வேண்டும்; வெயிலால் மஞ்சளித்த மூடியைத் தேய்த்து மெருகேற்றினாலே ஒளி பெரிதும் மீளும். அடுத்து மின்கம்பிகளையும் இணைப்புகளையும் ஆராய்தல் வேண்டும். மின்னழுத்தம் சற்றுக் குறையினும் ஹாலஜன் ஒளி மிகக் குறையும். பின்னர்ப் பழைய குமிழை மாற்றி, கற்றையின் உயரத்தைச் சரிபார்த்தல் வேண்டும். இவற்றிற்குப் பின்னும் செனானே வேண்டுமாயின், அவ்வண்டிக்கென்றே செனானுக்காக ஆக்கிய முழு விளக்கையும் அதற்குரிய துணைக்கருவிகளோடு, சட்டம் இசைந்தால், தேர்ந்த தொழிலாளரைக் கொண்டு பொருத்துதல் வேண்டும். உயர்மின்னழுத்தம் உயிர்க்கு இடர் தருமாதலின் தாமே அதனைத் திறந்து பார்த்தல் தகாது. நீலநிற ஒளியே வலியது என்று கருதுவதும் தவறு; நீலம் மிகுந்தோறும் பயன்படும் ஒளி குறையுமேயன்றிப் பெருகாது.

இன்று புதிய வண்டிகளில் எல்.இ.டி. விளக்குகள் செனானின் இடத்தைப் பெரிதும் பற்றியுள்ளன. விளக்கு எதுவாயினும் நெறி ஒன்றே. எதிரே வருவோன்பாற் கண் சென்று இரங்குதலைக் கண்ணோட்டம் என்று பெயரிட்டு, அதற்கு ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். மனிதர் கண்ணுக்குரிய அவ்வணி வண்டியின் கண்ணுக்கும் வேண்டும். எதிரே வண்டி வருங்கால் உயர்கற்றையைத் தாழ்த்தும் அச்சிறு செயல் ஒரு நொடியும் கொள்ளாது. அந்நொடியில் ஓர் உயிர் காக்கப்படலாம்.