உங்களுக்குத் தெரியுமா? 18 எடுத்தால் பாஸ்!
ஓசூரிலிருந்தோ பர்கூரிலிருந்தோ ஒரு செமஸ்டர் படிக்க இத்தாலி போகும் பொறியியல் மாணவர் முதலில் திகைப்பது மதிப்பெண்ணைப் பார்த்துத்தான். அங்கே ஒரு தாளுக்கு முழு மதிப்பெண்ணே 30. 18 எடுத்தால் பாஸ். அசத்திவிட்டால் 30-உடன் 'லோதே' என்ற பாராட்டும் சேரும். பல தேர்வுகளில் பேராசிரியர் எதிரே உட்கார்ந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். மதிப்பெண் பிடிக்கவில்லையா? பெரும்பாலும் வேண்டாமென்று சொல்லிவிட்டு அதே தாளின் அடுத்த தேர்வுக்கு வரலாம். (அரியர் வைத்திருப்பவர்கள் இங்கே பெருமூச்சு விடலாம்.)

ஒரு செமஸ்டருக்கு வழக்கமாக 30 கிரெடிட். அதில் எவை நம் கல்லூரிக் கணக்கில் சேரும் என்பதைக் கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் தங்குபவர், போய் இறங்கிய 8 வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான படிவ உறை கிடைப்பது தபால் நிலையத்தில்!